இரண்டு கோடை கண்ட பூங்கா: நீர்ச் சிக்கனத் தோட்ட வேலை ஒன்றின் மதிப்பீடு

மதுரையில் திருப்பாலைக்கு அருகே, நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் குடியிருப்பின் பூங்காவைக் குறைந்த நீரில் தழைக்கும் தோட்டமாக மாற்றித் தருவதாக ஒரு தோட்ட அமைப்பு நிறுவனம் ஒப்புக்கொண்டு, வேலையை முடித்து ஒப்படைத்து, இப்போது இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. ஒப்படைத்த வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் முழுக்கப் பாராட்டாக இருந்திருக்கும். ஏழு மாதம் கழித்து எழுதியிருந்தால் முழுக்கப் புகாராக இருந்திருக்கும். சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் அவர்களுடைய பில்லுக்குக் கையெழுத்திட்டவனும், அதற்குப் பின் நாள்தோறும் காலையில் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வந்தவனும் நான்தான் என்பதால், இரண்டுக்கும் நடுவே நின்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. சொல்லப்போகும் குறைகளுக்கு அவர்கள் தரப்பில் விளக்கம் இருக்கலாம். தவிர, மதுரையில் இந்த வேலையைச் செய்யும் வேறு யாரை அழைத்தாலும் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் இவையே.

இடம் சுமார் 12,000 சதுர அடி, அதாவது 27 சென்ட்டுக்குச் சற்று மேல். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கும்போது பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியின்படி வந்த இடம் என்பதால், பக்கத்துத் தெருக்காரர்களும் நத்தம் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களும்கூட உள்ளே வந்து அமர்வார்கள். முன்பு அங்கே இருந்தவை 4,000 சதுர அடிக்குக் கொரியன் புல், வேலியோரம் குரோட்டன்ஸ், நிழலே தராத நான்கு அலங்காரப் பனைகள், மீதி இடமெல்லாம் பேவர் பிளாக். போர்வெல் தண்ணீர் உப்பு. சித்திரை பிறப்பதற்கு முன்பே ஊறல் குறைந்து, மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் காற்றுதான் வரும். கடைசியில் புல்லைக் காப்பாற்றுவதற்காகத் தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுத்தோம்; குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நிற்கும் தெருவில், புல்லுக்கு லாரி வந்து நின்ற அந்த மாதம்தான் பூங்காவை மாற்ற வேண்டும் என்ற தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

புல் எவ்வளவு குடிக்கிறது என்பதைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மி.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் அது 1 லிட்டர். மதுரை வெயிலில் கோடையில் நாளுக்கு 5 முதல் 7 மி.மீ. வரை நீர் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகிப் போகிறது. எங்கள் 4,000 சதுர அடி ஏறத்தாழ 370 சதுர மீட்டர். நாளுக்கு 6 மி.மீ. என்று வைத்தாலும் 2,200 லிட்டர் புல்லுக்கு மட்டும் வேண்டும். ஹோஸ் பிடித்துத் தெளிக்கும்போது நடைபாதையில் ஓடி வீணாவது இதில் சேரவில்லை. வேலை தொடங்குவதற்கு முந்தைய ஏப்ரலில் எங்கள் மீட்டர் காட்டிய நாள் சராசரி 6,400 லிட்டர்.

மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டோம். இரண்டு பேர் வந்ததும் குழாய், டைமர், தெளிப்பான் என்று தொடங்கினார்கள். மூன்றாவதாக வந்தவர் காரிலிருந்து ஒரு கடப்பாரையையும் வாளியையும் எடுத்தார். புல்லின் நடுவே ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதில் வாளி நீரை ஊற்றிவிட்டு, கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பூங்காவைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது நீர் நாலு விரற்கடைகூட இறங்கியிருக்கவில்லை. குழியின் ஓரத்தைக் காட்டி அவர் சொன்னார்: “சார், மேல செம்மண்ணு ஒரு சாண்தான். கீழ சுக்கான், கெட்டிச் சுண்ணாம்புக்கல்லு. நீங்க ஊத்துற தண்ணி உள்ள போகாது, பக்கவாட்டுல ஓடி ரோட்டுக்குப் போயிரும். முதல்ல இதச் சரி பண்ணணும், குழாயெல்லாம் அப்புறம்.” அந்த ஒரு வாளி நீருக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தோம். சதுர அடிக்கு 38 ரூபாய் வீதம் 4,56,000 ரூபாய், வரி தனி. மற்ற இருவர் சொன்னதைவிட இது அதிகம்.

அவர்கள் கொடுத்த முதல் வரைபடம் ஏமாற்றம் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜெரிஸ்கேப் என்ற சொல்லை அதன் தலைப்பில் போட்டிருந்தார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரத்துக் குடிநீர் வாரியம் குறைந்த நீரில் தழைக்கும் தோட்ட முறைக்கு 1981-இல் உருவாக்கிய சொல் அது. மண்ணைச் செப்பனிடுதல், புல்லைக் குறைத்தல், ஒரே அளவு நீர் கேட்கும் செடிகளை ஒன்றாக நடுதல், மண்ணைச் சருகு போன்றவற்றால் மூடும் மூடாக்கு இடுதல் என்று அதன் கொள்கைகள் எல்லா ஊருக்கும் பொருந்துபவைதாம். ஆனால் வரைபடத்தில் கொள்கையோடு செடிப் பட்டியலும் அப்படியே இறங்கியிருந்தது: கற்றாழை இனங்கள், கள்ளி வகைகள், வெள்ளைச் சரளை பரப்பிய பாத்திகள். டென்வரில் ஆண்டுக்கு 400 மி.மீ.க்கும் குறைவாகவே மழையும் பனியும் விழுகின்றன. மதுரைக்கு 850 மி.மீ. அளவில் கிடைக்கிறது. நம்முடைய சிக்கல் மழை இல்லாதது அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் அதிகமாக விழுந்துவிட்டு, பங்குனி, சித்திரையில் போதிய அளவு விழாமல் வெயில் காய்வது. எங்கள் 12,000 சதுர அடியில் ஓர் ஆண்டில் விழும் மழை மட்டுமே கிட்டத்தட்ட ஒன்பதரை லட்சம் லிட்டர். அதைப் பிடித்து வைக்காமல் கள்ளிச்செடி நடுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று செயற்குழுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் கேட்டார். வெள்ளைச் சரளையில் மதியம் செருப்பில்லாமல் ஒரு குழந்தை கால் வைத்தால் என்னாகும் என்று அவருடைய மனைவி கேட்டார். நிறுவனத்தார் முகம் சுளிக்காமல் வரைபடத்தை எடுத்துச் சென்று, பத்து நாளில் வேறொன்றோடு வந்தார்கள். தாங்கள் கொண்டு வந்ததையே சாதிக்கப் பார்க்காத இந்தக் குணத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண் தர வேண்டும்.

இரண்டாவது வரைபடத்தில் இருந்ததுதான் இந்த வேலையிலேயே சிறந்த பகுதி, அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பூங்காவின் வடமேற்கு மூலை மேடு, தென்கிழக்கு மூலை தாழ்வு. இடையில் கிட்டத்தட்ட இரண்டடி வித்தியாசம். மேட்டிலிருந்து தாழ்வு வரை மூன்று நீள்பள்ளங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். முதல் பள்ளம் நிறைந்தால் அதன் ஓரத்தில் கல் பதித்த சிறு தாழ்வு வழியே நீர் இரண்டாவதற்குப் போகும். அது நிறைந்தால் மூன்றாவதற்கு. மூன்றாவதும் நிறைந்தால், போர்வெல்லுக்குப் பக்கத்தில் 12 அடிக்கு உறை இறக்கி, அடியில் உடைகல்லும் மேலே மணலும் நிரப்பிய கிணற்றுக்குள் இறங்கும். வேலைக்கு வந்திருந்த மேலூர்ப் பக்கத்து ஆட்கள் அந்தக் கல் பதித்த தாழ்வை இயல்பாக மறுகால் என்றே சொன்னார்கள். ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்தாக இருப்பது இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல. அதையே 27 சென்ட்டுக்குள் சுருக்கியிருந்தார்கள். பள்ளங்களின் கரையில் வெட்டிவேரும் நொச்சியும் நட்டார்கள். வெட்டிவேர் கரை கரையாமல் பிடித்துக்கொள்கிறது. நொச்சி, நீர் நின்றாலும் காய்ந்தாலும் கவலைப்படாத செடி. நடைபாதையின் பேவர் பிளாக்கைப் பாதி பெயர்த்து எடுத்து, மீதியின் சரிவையும் பள்ளங்களை நோக்கித் திருப்பிவிட்டார்கள்.

அந்த ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு முழுக்க மழை கொட்டிய மறுநாள், காலை ஆறு மணிக்குக் குடையோடு போய்ப் பார்த்தேன். முதல் பள்ளத்தில் நீர் விளிம்பு வரை நின்றது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. சருகும் ஒரு பிளாஸ்டிக் பந்தும் கல்லில் சிக்கிச் சுழன்றுகொண்டிருந்தன. எங்கள் தெருவில் வழக்கமாக அன்றைக்கு முழங்கால் அளவு நீர் தேங்கும். அன்று பூங்காப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டும் தெருவுக்கு வரவில்லை. மறுநாள் மாலைக்குள் மூன்று பள்ளங்களும் வற்றிவிட்டன, அதனால் கொசுப்புழு வளர நேரமில்லை. கிழக்குச் சுற்றுச்சுவருக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்காரர் தன் சுவரில் ஈரம் ஏறுவதாகச் சொன்னார். மூன்றாவது பள்ளத்தைச் சுவரிலிருந்து இன்னும் நான்கடி தள்ளி வெட்டியிருக்க வேண்டும். அதைப் பின்னர் நிறுவனத்தார் தங்கள் செலவிலேயே சரிசெய்து கொடுத்தார்கள்.

மண் வேலையிலும் குறை சொல்ல இடமில்லை. செடி நடும் இடமெங்கும் சுக்கானை உடைத்து, ஒன்றரை அடி வரை வெட்டி, கண்மாய் வண்டலும் மக்கிய தொழு உரமும் தென்னைநார்க் கழிவும் கலந்தார்கள். தென்னைநார்க் கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் மக்காததைப் போட்டால் அதிலிருக்கும் உப்பும் துவர்ப்பும் செடியைக் கருக்கிவிடும். முதலில் வந்த லோடை எங்கள் தோட்டக்காரர் ஒரு வாளி நீரில் கரைத்துப் பார்த்தார்; நீர் டிகாக்ஷன் நிறத்துக்கு மாறியது. “இது கழுவாத சரக்கு சார்” என்று அவர் சொன்னதும், நிறுவனத்தின் மேற்பார்வையாளர் விவாதிக்காமல் அந்த லோடைத் திருப்பி அனுப்பினார். வேலையை ஆவணியில் தொடங்கிப் புரட்டாசி முடிவதற்குள் நடவை முடித்ததும் சரியான கணக்கு. வடகிழக்குப் பருவமழையே வேர் பிடிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டது.

செடித் தேர்வைப் பற்றி ஒரு சிறு சண்டை நடந்தது. மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர், மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பு, ஆகவே பூங்காவில் கடம்பு இருந்தே ஆக வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் பிடிவாதமாக நின்றார். கடம்பு ஈரம் விரும்பும் மரம், நீர்ச் சிக்கனத் தோட்டத்துக்கு ஏற்றதல்ல என்று நிறுவனத்தார் சொன்னார்கள். முடிவில் மூன்றாவது பள்ளத்தின் கரையில் ஒன்றே ஒன்று நட்டு, குடிநீர்க் குழாயில் கை கழுவும் நீரையும் அதன் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது இப்போது என்னைவிட உயரம். மற்ற மரங்கள் புங்கம், கொன்றை, ஆத்தி, வேம்பு, உசிலை. உசிலம்பட்டிக்கே பெயர் கொடுத்த மரமாயிற்றே, நர்சரியில் எளிதில் கிடைக்கும் என்று நினைத்தேன். நிறுவனத்தார் மூன்று இடம் அலைந்துதான் நான்கு கன்றுகள் கொண்டு வந்தார்கள். அதன் இலையைக் காயவைத்து இடித்ததுதான் எங்கள் பாட்டிமார் தலைக்குத் தேய்த்த அரப்பு என்று குழந்தைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். மெதுவாக வளர்கிறது, ஆனால் முதல் கோடைக்குப் பிறகு அதற்கு நாங்கள் நீர் ஊற்றவே இல்லை. புங்கத்தின் நல்ல குணம் வேறு: கோடைக்கு முன் இலை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் பளபளவென்று தளிர்த்து நிழல் தரும். குற்றுச்செடிகளில் ஆவாரை, நொச்சி, ஆடாதோடை, நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ. அரளியை விளையாட்டு இடத்துக்கு அருகில் நடக்கூடாது என்று அவர்களே சொன்னார்கள். எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் அது சரியான எச்சரிக்கை.

இனி குறைகள். இந்த நிறுவனத்துக்கு மண் தெரியும், செடி தெரியும், குழாய் தெரியவில்லை.

செடிகளுக்கு 16 மி.மீ. பக்கக் குழாயும், மணிக்கு 4 லிட்டர் சொட்டும் சொட்டுவான்களும் போட்டிருந்தார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் எங்கள் போர்வெல் நீர் எவ்வளவு உப்பு என்பதை எழுத்தில் கொடுத்திருந்தும், குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சாதாரண வலை வடிகட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். வலை வடிகட்டி மணலைத் தடுக்கும். நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை அது என்ன செய்ய முடியும்? ஒப்படைத்து ஆறாவது மாதம், பங்குனியில், தெற்குப் பாத்தியில் நந்தியாவட்டை வாடத் தொடங்கியது. மோட்டார் ஓடியது, குழாயில் நீர் ஓடும் ஓசையும் கேட்டது. தோட்டக்காரர் ஒரு சொட்டுவானைப் பிடுங்கி, கத்தியால் இரண்டாகப் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே நூல் போன்ற வளைந்த பாதை முழுக்க, பல்லில் படியும் காரையைப் போல, வெள்ளையாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அன்று எண்ணிப் பார்த்ததில், தெற்குப் பாத்தியில் மூன்றில் ஒரு பங்கு சொட்டுவான்கள் அடைத்திருந்தன. குழாயின் கடைசி முனையைத் திறந்து வாரம் ஒருமுறை கழுவிவிட வேண்டும் என்பதையும், உப்பு நீருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் அமிலம் செலுத்தி உப்பைக் கரைக்க வேண்டும் என்பதையும் ஒப்படைத்த நாளில் யாரும் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “நார்மல் ஆகிரும் சார், பிரஷர் கொஞ்சம் கூட்டுங்க” என்று பதில் வந்தது. அழுத்தத்தைக் கூட்டியதில் இரண்டு இணைப்புகள் பிடுங்கிக்கொண்டு பீய்ச்சி அடித்தன. கடைசியில் சொட்டுவான்களைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்துத் தோட்டக்காரர்தான் மீட்டார். இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

டைமர் கதை இதைவிட மோசம். மின்கலத்தில் இயங்கும் டைமர் ஒன்றைப் பொருத்தி, இனி ஆளே தேவையில்லை என்று சொல்லியிருந்தார்கள். முதல் கோடையில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டித் தோட்டக்காரர் மூன்று நாள் விடுப்பில் போனார். ஊரே ஆற்றங்கரையில் இருக்கும்போது பூங்காவை யார் எட்டிப் பார்ப்பார்கள்? அந்த மூன்று நாளும் டைமர் வால்வைத் திறக்கவே இல்லை. மின்கலம் தீர்ந்திருந்தது. நான்காம் நாள் பார்த்தால் இட்லிப்பூ கருகியிருந்தது, மீதமிருந்த 600 சதுர அடிக் கொரியன் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது, செம்பருத்தி துவண்டு தொங்கியது. ஆவாரையும் நொச்சியும் எதுவும் நடக்காதது போல நின்றன. யாரும் திட்டமிடாத ஒரு சோதனை அது; எந்தச் செடி உண்மையில் நீர்ச் சிக்கனச் செடி, எது பட்டியலில் மட்டும் அப்படி என்பது மூன்று நாளில் தெரிந்துவிட்டது. இட்லிப்பூ போன இடங்களில் இப்போது ஆவாரைதான் பூத்திருக்கிறது.

அதே மூன்று நாளில் கொஞ்சமும் வாடாதவை, சொட்டுநீர்க் குழாய் எட்டாத மேட்டில் நட்டிருந்த பதினான்கு மரக்கன்றுகள். அவற்றுக்கு நிறுவனத்தார் மானாமதுரைச் சுட்ட மண்பானைகளைக் கழுத்து வரை புதைத்து வைத்திருந்தார்கள். ஐந்து லிட்டர் பானை. மெருகு பூசாதது, சாயம் அடிக்காதது. நிரப்பி மூடிவிட்டால் மண் காயக் காயப் பானைச் சுவர் வழியே நீர் கசிந்து வேர்ப்பக்கம் போகிறது. நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். இதற்கு மின்கலம் வேண்டாம், வடிகட்டி வேண்டாம். இந்த யோசனை அவர்களுடையதே என்பதால் பாராட்டும் அவர்களுக்கே உரியது, ஆனால் டைமருக்கு வாங்கிய பணத்துக்கு இன்னும் நாற்பது பானைகள் வாங்கியிருக்கலாமே என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. ஒரு எச்சரிக்கை: மூடி காணாமற்போன மூன்று பானைகளில் கொசுப்புழு நெளிந்ததை, தெருவுக்கு வந்த கொசு ஒழிப்புப் பணியாளர்கள் காட்டிய பிறகுதான் கவனித்தோம். இப்போது ஒவ்வொரு மூடியிலும் ஒரு செங்கல் இருக்கிறது.

புல்லுக்கு வைத்த தெளிப்பான்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அம்மியையே நகர்த்தும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றில் தெளிப்பான் நீரில் பாதி சாலையில் போன ஆட்டோவின் மேல்தான் விழுந்தது. முதல் கோடையில் காய்ந்துபோன புல்லை மீண்டும் வளர்க்காமல், அந்த இடத்தில் பொடுதலையைப் படரவிட்டோம். குழந்தைகள் ஓடினாலும் மிதிபடத் தாங்குகிறது, சிறு வெள்ளைப் பூக்களில் தேனீ வருகிறது என்பதால் காலணியோடு விளையாடச் சொல்லியிருக்கிறோம்.

மூடாக்கு விஷயத்தில் தவறு நிறுவனத்துடையது மட்டுமல்ல, எங்கள் பழக்கத்துடையதும்தான். பாத்திகளின் மேல் மூன்று அங்குல உயரத்துக்குச் சருகும் தென்னைநாரும் பரப்பியிருந்தார்கள். மறுநாள் காலை வழக்கம்போலத் தெருவைக் கூட்ட வந்த அம்மா, பூங்காவையும் பெருக்கிச் சுத்தமாக வாரிக் குவித்துவிட்டுப் போனார். வாசல் பெருக்கியிருந்தால்தான் வீடு என்று வளர்ந்தவர்கள் நாம்; சருகு கிடந்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. மூன்று முறை இப்படி நடந்தது. தோட்டக்காரர் காத்திருந்து, “அக்கா, இதக் கூட்டாதீங்க, செடிக்குன்னு போட்டது” என்று சொன்ன பிறகு அவர் தெருச் சருகையும் கொண்டு வந்து கொட்டத் தொடங்கினார். மதியம் இரண்டு மணிக்கு மூடாக்கு உள்ள பாத்தியில் சருகை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள், மண் குளிர்ந்திருக்கும். இரண்டடி தள்ளி மூடாக்கு இல்லாத இடத்தில் விரல் வைக்க முடியாது. இதன் பயனைப் பத்து வரியில் ஒரு பலகையில் எழுதிப் பூங்காவில் மாட்டுவதாக நிறுவனத்தார் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அந்தப் பலகை இன்றுவரை வரவில்லை.

என்னுடைய முக்கியமான மனக்குறை அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றியது. துண்டறிக்கையில், எழுபது சதவீதம் நீர் மிச்சமாகும் என்று இருந்தது. எப்போதிலிருந்து என்று இல்லை. மீட்டர்க் குறிப்பேட்டின்படி, வேலைக்கு முந்தைய ஏப்ரலில் நாளுக்கு 6,400 லிட்டர். முதல் கோடை ஏப்ரலில் 4,700. இரண்டாவது கோடை ஏப்ரலில் 2,600. முதல் ஆண்டில் மிச்சமானது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். இது தோல்வி அல்ல. எந்த வறட்சி தாங்கும் செடியும் நட்ட முதல் ஆண்டில் வறட்சி தாங்காது. வேர் ஆழம் போகும் வரை அதற்கும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நீர் வேண்டும். ஆழமாக, இடைவெளி விட்டு நீர் பாய்ச்சி வேரைக் கீழே இழுக்க வேண்டும். மரம் வளர வளரச் சொட்டுவானையும் அடிமரத்திலிருந்து வெளியே தள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தால், முதல் கோடையில் சங்கக் கூட்டத்தில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பராமரிக்க ஆள் தேவையில்லாத தோட்டம் என்ற பேச்சை நம்பித் தோட்டக்காரரின் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று தீர்மானம் போடும் அளவுக்கு நாங்கள் போயிருந்தோம். நல்லவேளை, போடவில்லை. அடைத்த சொட்டுவானையும், கழுவாத தென்னைநாரையும், அணில் கடித்த குழாயையும் கண்டுபிடித்தவர் அவர்தான். கோடையில் குழாய்க்குள் நீர் இருப்பதை எப்படியோ அறிந்து அணில்கள் அதைக் கடித்துவிடுகின்றன. ஒரு மண்சட்டியில் நீர் வைத்ததும் கடிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். மாதம் ஒருமுறை வருகை என்று எழுதியிருந்தது. வந்தது மூன்று முறை, அதில் ஒன்று பில் கொடுக்க. மறு ஆண்டு அதைப் புதுப்பிக்கவில்லை. உங்கள் பகுதியில் இப்படி வேலை கொடுப்பதாக இருந்தால், நீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்தே வடிகட்டியைத் தீர்மானிக்க வேண்டும் என்பதையும், கடைசித் தவணையில் ஒரு பகுதியை முதல் கோடை முடிந்த பிறகே தருவதாகவும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் முழுத் தொகையையும் திறப்பு விழா அன்றே கொடுத்துவிட்டோம், மேடையில் மாலை போட்டு.

இவ்வளவும் சொன்ன பிறகும், அந்த நிறுவனத்தை மீண்டும் அழைத்திருக்கிறோம். விளையாட்டுத் திடலுக்கு வடக்கே மீதமிருக்கும் பேவர் பிளாக் பகுதியில் இன்னும் இரண்டு பள்ளங்களும் மண் வேலையும் நடவும் மட்டும் அவர்களுக்கு. குழாய் வேலைக்கு, எங்கள் போர்வெல் மோட்டாரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வரும் மெக்கானிக்கிடம் பேசியிருக்கிறோம். டைமர் வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். மானாமதுரைக்குப் பானைக்குச் சொல்லியாயிற்று. மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும்.